அட்டை மட்டும் போதாது

ஹைதராபாதில் 2008-ல் பேகம்பேட்டை பைகா அரண்மனையில் தொடங்கப்பட்ட அமெரிக்கத் துணைத் தூதரகம், 2023-ல் நானக்ராம்குடாவில் உள்ள பெரிய வளாகத்துக்கு மாறியது. தெலுங்கு மாநிலங்களிலிருந்து அமெரிக்கா செல்வோர் பெருகியிருப்பதற்கு அதுவே சான்று. அங்கு குடியுரிமை பெற்ற பிள்ளைகள், பெற்றோருக்கும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியான 'கிரீன் கார்டு' பெற்றுத் தருகின்றனர். சென்னையிலும் கோவையிலும் நிலைமை இதுவே.

பிரச்னை அதற்குப் பிறகுதான். வீடும் உறவும் வைத்தியமும் இங்கே இருப்பதால் முதியவர்கள் ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆண்டுக்கொரு முறை சென்று வந்தால் அனுமதி நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அமெரிக்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 180 நாள்களுக்கு மேல் வெளியே இருந்தால் விமான நிலையத்தில் விசாரணைக்கு இடமுண்டு. ஓராண்டைக் கடந்தால் அட்டையை மட்டும் காட்டி உள்ளே நுழைய முடியாது. இரண்டாண்டு வரை செல்லும் மறுநுழைவு அனுமதிக்கு, அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அதையும் தவறவிட்டவர்கள், தாமதம் தங்கள் கைமீறியது என நிரூபித்து, திரும்பும் குடியிருப்பாளருக்கான விசா பெற வேண்டும். 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தபோது, இந்த விதியின் கடுமையைப் பலர் உணர்ந்தனர்.

நிரந்தரமாகக் குடியிருக்கத் தரும் அனுமதிக்கு, குடியிருக்க வேண்டும் என்று ஒரு நாடு நிபந்தனை விதிப்பதில் தவறில்லை. ஆனால், அச்சுறுத்தி உரிமையைப் பறிப்பது வேறு. விமான நிலையங்களில் முதிய இந்தியர்களிடம், அனுமதியைத் தாமாகவே துறப்பதற்கான ஐ-407 படிவத்தில் கையொப்பமிட நெருக்கடி தரப்படுவதாக 2025-ல் அமெரிக்க வழக்குரைஞர்கள் கூறினர். அப்படிவத்தில் கையொப்பமிட எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. மறுப்பவருக்குக் குடியேற்ற நீதிபதி முன் வாதிடும் உரிமை உண்டு. அனுமதி கைவிடப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அரசுடையதே. நீண்ட பயணக் களைப்பிலும் மொழித் தடுமாற்றத்திலும் நிற்கும் முதியவருக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

கிரீன் கார்டு வைத்திருப்பவர் இந்தியக் குடிமகனே. அவர் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டே. எனவே மத்திய அரசுக்கும் இதில் பொறுப்புண்டு. வெளிநாட்டில் இடருறும் இந்தியர்களுக்காக 2009-ல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமுதாய நல நிதியை இத்தகையோரின் சட்ட உதவிக்கும் பயன்படுத்த வேண்டும். விதிகளைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்டு, பாஸ்போர்ட் அலுவலகங்களில் வழங்குவது பெரிய செலவல்ல. தெலங்கானா, தமிழக எம்.பி.க்கள் கேள்வி நேரத்தில் இதை எழுப்ப வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோர் எங்கே வாழ விரும்புகின்றனர் என்று கேட்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலேயே வாழ விரும்புவோருக்குப் பயணி விசாவே போதுமானது. யோசித்துத் துறப்பதில் இழுக்கில்லை; அறியாமையால் இழப்பதுதான் கூடாது.