வென்றவனும் நேசிப்பவனும்

அமெரிக்காவில் டிஸ்க் கோல்ப் என்றொரு விளையாட்டு உண்டு. பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. எட் ஹெட்ரிக் என்பார் 1976-இல் நிறுவிய சங்கமே இன்றும் அதன் விதிகளை வகுத்து வருகிறது.

அமெச்சூர் பிரிவில் வென்றோருக்குக் காசு இல்லை. தட்டு, பை, சட்டை முதலிய பொருள்களே பரிசு. அப்பரிசின் ஊற்று பெரும்பாலும் போட்டியாளர் செலுத்தும் நுழைவுக் கட்டணமே. அமைப்பாளர் மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறை விலைக்கு மதிப்பிடுவர். எஞ்சுவது போட்டிச் செலவுக்கு உதவும். அதை நான் குறைகூறேன். திடலைப் பேணவும் பணம் வேண்டுமன்றோ?

என் வினா வேறு. பரிசுப் பொருளை விற்றால் அதுவும் காசுதானே! வாயிலில் தடுத்த காசு கொல்லைப்புறமாய் நுழைகிறது. பரிசு பெருகப் பெருக, வல்லவனும் கீழ்ப்பிரிவிலேயே தங்கிவிட ஆசைப்படுவான். அவன் பையை நிரப்புவது புதிதாய் வந்தவனின் கட்டணம்.

பரிசின்றி ஊக்கம் ஏது என்பர் சிலர். வென்றவனுக்கு ஒரு கிண்ணம் போதும் என்பேன். கட்டணத்தைக் குறையுங்கள், அல்லது வந்தோர் அனைவர்க்கும் சமமாய்ப் பகிருங்கள். அமெச்சூர் என்னும் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு ‘நேசிப்பவன்’ என்பதே பொருள். நேசத்துக்கு வரவு செலவுக் கணக்கு எதற்கு?