கிருபையின் பேரால் வாயை அடைக்காதீர்கள்

எங்கள் திருவட்டாறு பக்கத்துச் சபைகளில் யாராவது சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். "கிறிஸ்துவுக்குள்ள சாதி ஏது? எல்லாரும் கிருபையால ரட்சிக்கப்பட்டவங்கதான். மன்னிச்சு விடுங்க, பழசைக் கிளறாதீங்க." சொல்பவர் கெட்டவரல்லர், உளமார நம்பித்தான் சொல்கிறார். மறுநாள் அவரே மகனுக்குப் பெண் தேடி, 'கிறிஸ்தவ நாடார், சி.எஸ்.ஐ.' என்று தரகரிடம் எழுதிக் கொடுப்பார். நான் பிறந்த சமூகத்தைத்தான் சொல்கிறேன்.

பழசைக் கிளறாமல் விடுவதே கிருபை என்ற இந்த நம்பிக்கை தவறு. கிருபைக்கே விரோதமானது.

தென் திருவிதாங்கூருக்குப் புராட்டஸ்டண்ட் மிஷனை அழைத்து வந்தது யார்? சாம்பவர் குலத்தில் பிறந்த மயிலாடி மகராசன் வேதமாணிக்கம். தஞ்சாவூரில் விசுவாசத்துக்கு வந்து, ரிங்கல்தௌபே பாதிரியாரைத் தம் ஊருக்குக் கூப்பிட்டவர். பாதிரியார் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். அந்த மனிதர் திறந்த வாசல் வழியாகத்தான் மற்றவர்கள் உள்ளே வந்தோம். இன்று அவர் குலத்தில் பெண்ணெடுக்க மட்டும் நமக்கு மனம் வரவில்லை.

நெய்யூர் மிஷனை நிறுவிய சார்லஸ் மீட், மேலாடை அணிந்ததற்காகப் பெண்கள் அடிபட்ட காலத்தில் அவர்கள் பக்கம் நின்றவர். 1850-களின் தொடக்கத்தில், மனைவியை இழந்திருந்த அவர், சாம்பவக் குடும்பத்துக் கிறிஸ்தவப் பெண்ணான லோயிசை மணந்தார். சக வெள்ளைக்கார மிஷனரிகளால் அதைப் பொறுக்க முடியவில்லை. லண்டன் மிஷனோடு அவருக்கு இருந்த முப்பதாண்டுக்கு மேற்பட்ட உறவு அதோடு அறுந்தது. எல்லாருக்கும் ஒரே இரட்சகர் என்று பிரசங்கித்தவர்களுக்கு எல்லாரும் ஒரே குடும்பம் என்பது கசந்தது. அவர்களுடைய நிறவெறிக்கும் நம்முடைய சாதிக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. இரண்டும் கல்யாணப் பேச்சில்தான் முகத்தைக் காட்டுகின்றன.

கத்தோலிக்கர் கதையும் இதேதான். பக்கத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார். 1752-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் பிறகு, சாதிக்கொரு பக்கமாக உட்கார வசதியாக, கால்சட்டையைப் போல இரண்டாகப் பிரியும் கோயில் கட்டினார்கள். நடுவில் சுவர். 1910-இல் அந்தச் சுவரை இடித்தபோது மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள், தோற்றார்கள். கிளறாமல் விட்டிருந்தால் சுவர் இன்றும் நின்றிருக்கும்.

'கிளறாதே' என்பவர்கள் அந்தியோகியாவை நினைக்க வேண்டும். அங்கே புறஜாதியாரோடு பந்தியில் இருந்த பேதுரு, யூதேயாவிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அவரைத் தனியே அழைத்து ஜெபம் பண்ணச் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்தார். அதைப் பதிவு செய்திருப்பதும் கிருபையைப் பற்றியே பேசும் கலாத்தியர் நிருபத்தில்தான். வரி வசூலிப்பவனான சகேயுவிடம் இயேசு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் கிருபை வீட்டுக்குள் வந்ததும் அவன் கை பணப்பைக்குப் போயிற்று. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். பறிகொடுத்தவர்களிடம் போய், 'சகேயுவை மன்னித்து விடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள்' என்று யாரும் உபதேசம் பண்ணவில்லை. மன்னிப்பு அவமானப்பட்டவர் கையில் இருப்பது. அதை மற்றவர்கள் கேட்டு வாங்குவது இன்னொரு பறிப்பு.

பட்டியல் சாதிகளுக்கான 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் பின்னர் சீக்கியர்களும் (1956) பௌத்தர்களும் (1990) சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் அந்தப் பட்டியல் சாதி உரிமை இன்னும் இல்லை. அதை மறுப்பவர்கள் சொல்லும் காரணமும் கிறிஸ்தவத்தில் சாதியில்லை என்பதே. நாமும் பிரசங்க பீடத்தில் நின்று அதையே சொன்னால், உரிமை கேட்கும் தலித் கிறிஸ்தவர்களின் மனுவில் எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவோம்?

தரகரிடம் கொடுக்கும் தாளில் அந்தச் சாதிப் பெயரை அடித்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளை தானாக வேறு சாதிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தால், குருவானவரைத் தேடிப்போய் 'எப்படியாவது பேசிப் பிரித்து வையுங்கள்' என்று அழாதீர்கள். அவள் அப்பாவையும் அம்மாவையும் வீட்டுக்கு அழைத்து, முதல் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.