ஊரார் யோசனையும் தீர்மானப் புத்தகமும்

1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் இன்று இவ்வளவு பெருகி நிற்பதற்கு அவ்விருப்புப்பாதை ஒரு பெருங்காரணம் எனலாம். 2021ஆம் ஆண்டில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. நெசவுக்குப் பேர்பெற்ற அனகாபுத்தூரும் அதனுள் அடங்கும். மாநகராட்சி என்னும் பெயர் வந்துவிட்டது. அப்பெயருக்கேற்ற வசதிகள் வந்தனவா என்பதே உறுப்பினர்களின் வினா.

அனகாபுத்தூரில் ரயில் நிலையம் இல்லை. ரயிலேற விரும்பும் நெசவாளர் துணி மூட்டையுடன் பல்லாவரம் வரை வந்தாக வேண்டும். கீரைக்கட்டும் காய்கறியுமாகத் தாம்பரம் சண்முகம் சாலைக்கு வரும் விவசாயி, வண்டிகளுக்கிடையே கூடையுடன் ஒதுங்கி நடக்க வேண்டியுள்ளது. இவர்கள் கேட்பது பெரிதன்று. பேருந்து நிற்குமிடத்தில் நிழல், தடையற்ற நடைபாதை, இரவில் விளக்கு, ரயில் நேரத்தோடு பொருந்திவரும் பேருந்து ஆகியவையே.

பொறியியல் அறியாத பொதுமக்களுக்கு இவற்றில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து நிலையம் திறக்கப்பெற்றது. அன்று அதனையொட்டி ரயில் நிற்க நிலையம் இல்லை. அண்மையிலிருந்த நிலையங்கள் வண்டலூரும் ஊரப்பாக்கமுமே. பாவு ஓட்டிய பிறகு ஊடைநூலுக்கு அலைவது போன்றதன்றோ இது? மூட்டை சுமந்து இறங்கும் பயணியை முன்கூட்டிக் கேட்டிருந்தால், ரயில் எங்கே என்பதையே அவர் முதலில் வினவியிருப்பார்.

ஊரார் ஊன்றி நின்றால் காரியம் நடக்கும் என்பதற்குச் சிட்லப்பாக்கம் சான்று. அங்குள்ள மக்கள் ஏரியைக் காக்கப் பன்முறை குரல் கொடுத்ததோடு, தாமே இறங்கித் தூர்வாரவும் முனைந்தனர். 2019ஆம் ஆண்டில் அதன் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

இனி, யோசனை சொல்லுதற்கு இடமும் உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. நம் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அவர்களே கலந்துகொண்டார். ஆயினும், பேசிக் கலைவதனால் மட்டும் பயன் விளையாது. சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுங்கால் நாம் முதலில் கேட்பது தீர்மானப் புத்தகத்தையே. சென்ற கூட்டத்தின் முடிவு என்னாயிற்று என்று அடுத்த கூட்டம் கேட்கும் சங்கமே உயிருள்ள சங்கம். பகுதி சபைக்கும் இவ்விதியே பொருந்தும்.

"பேருந்து போதவில்லை" என்று பொதுப்பட எழுதிய மனு கோப்பில் உறங்கும். எந்த நிறுத்தம், எந்த நேரம், எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்று எண்ணி எழுதிய மனுவுக்கு விடையிறுத்தே ஆகவேண்டும். எண்ணவும் எழுதவும் கணக்குக் கேட்கவும் பழகியவர் நம் உறுப்பினர். ஊர்க்கூட்டத்துக்கு அவர்கள் கொண்டு செல்லத்தக்க முதல் அப்பயிற்சியே.

நூலும் கடனும் அன்றிச் சாலை நமக்கெதற்கு என்று எண்ணுதல் தகாது. 1995ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு ஏற்ற 7 கொள்கைகளுள் இறுதியானது சமுதாயத்தின்பால் அக்கறை. அன்றியும், துணி சந்தை சேரும் வழி கெட்டிருப்பின் தறியில் உழைத்த உழைப்பின் ஒரு பங்கு தெருவிலேயே கரைந்துபோகும்.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினரின் யோசனைகளுள் இன்றியமையாத மூன்றைத் தேர்ந்து, இடமும் நேரமும் குறித்து, வார்டு உறுப்பினரிடம் கொடுத்து ஒப்புகை பெறுக. அடுத்த பகுதி சபையில் அவ்வொப்புகையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னாயிற்று என்று கேட்க.