சத்து மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

நோயுற்றவருக்குச் சத்து வேண்டும் என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆனால் சத்து என்ற பெயர் தாங்கிய மாத்திரை, டானிக், பொடி யாவற்றையும் ஒருங்கே உண்டால் நோய் விரைவில் நீங்கும் என்னும் எண்ணம் நம் நெசவாளர், விவசாயிகள் இல்லங்களிலும் வேரூன்றியிருப்பதைக் காண்கிறோம். ஆஸ்பத்திரியில் அளித்தது ஒன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது ஒன்று, உறவினர் கொணர்ந்தது ஒன்று என இவை ஒரே வீட்டில் சேருகின்றன. இவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர்தாம் இல்லை.

சங்கப் புத்தகங்களைப் பார்வையிடுகையில் ஒரே தொகை இருமுறை பதிவாகியிருந்தால் அதைப் பிழையென்கிறோம். தேகத்தின் கணக்கும் அத்தகையதே. பெயர் வேறுபட்ட மூன்று மருந்துகளிலும் வைட்டமின் 'ஏ' இருக்கக்கூடும். வைட்டமின் 'சி' மிகுந்தால் பெரும்பகுதி சிறுநீரில் கழிந்துவிடும். 'ஏ', 'டி' ஆகியவையோ உடலில் தங்கிச் சேரும். கருவுற்ற தொடக்க மாதங்களில் நாள்தோறும் 10,000 அலகுக்கு மேல் ரெட்டினால் வகை வைட்டமின் 'ஏ' உண்பது சிசுவின் உறுப்புகளை ஊனப்படுத்தக்கூடும். 'டி' அளவு கடந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும்.

சில சத்துக்கள் ஒன்றையொன்று தடுக்கவும் செய்யும். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால், இரும்பு உடலிற் சேர்வது குறையும். இடையே இரண்டு மணி நேரமேனும் கழியவேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் உண்பதும் தவறே. தைராக்ஸின் மாத்திரை உண்போர் இவ்விரண்டையும் நான்கு மணி நேரம் தள்ளியே உண்ணவேண்டும். வைத்தியரின் யோசனையின்றிக் கொடுக்கும் புரதப் பொடி, பழுதுற்ற சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகும்.

'சத்துதானே, என்ன தீங்கு செய்யும்?' என்பார்க்கு ஃபின்லாந்து தேசத்தின் அனுபவம் விடை கூறும். அங்கே புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டீன் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய், உண்ணாதவர்களைவிட 18 சதவிகிதம் அதிகமாகக் காணப்பட்டது.

மாத்திரையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. சோகை கண்ட தாய்க்கு வைத்தியர் அளிக்கும் இரும்பு மாத்திரை அவசியமானது. மலம் கறுக்கிறதென்று அஞ்சி அதனை நிறுத்துதல் கூடாது. நாம் வேண்டுவது இதுவே. நோயாளி உண்ணும் மருந்து, மாத்திரை, டானிக், பொடி, நாட்டு மருந்து யாவற்றையும் அளவோடு ஒரே தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன் அவரைக் கேளுங்கள்.

சங்கப் பண்டகசாலைகளுக்கும் இதில் கடமையுண்டு. நோயாளிக்கென்று கேட்கப்படும் சத்துப் பொடியை வைத்தியர் சீட்டின்றி விற்பதில்லை என நிர்வாகக் குழுவினர் தீர்மானிக்கவேண்டும். விற்பனை சிறிது குறையலாம். அங்கத்தினர் நலத்துக்கென ஏற்பட்ட சங்கம் அந்த நஷ்டத்தை ஏற்பதே முறை. அப்பணத்தில் அவர் வீட்டிற்குப் பருப்பும் கீரையும் முட்டையும் போய்ச் சேருமாயின், அதனை நஷ்டமென்று எழுதவும் வேண்டுவதில்லை.