தீயில் வெந்த படம் வீட்டு அலமாரியில்!

"சினிமாவை யாராவது காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைப்பார்களா? அதான் செல்போனிலேயே ஓடுதே!" என்கிறவர்கள் 'பதேர் பாஞ்சாலி' பட்ட பாட்டைக் கேட்க வேண்டும்.

சத்யஜித் ரே 1955-ல் எடுத்த வங்காளப் படம் அது. அபு என்ற பையனின் கதை 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' என்று மேலும் இரண்டு படங்களாக வளர்ந்தது. 1993-ல் லண்டன் லேபரட்டரி ஒன்றில் தீ! மூன்றின் மூல நெகட்டிவும் கருகின. ரே காலமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

கருகிய சுருள்களை அமெரிக்காவின் ஆஸ்கார் அகாடமி தூக்கி எறியாமல் வைத்திருந்தது. பிற்பாடு இத்தாலியின் போலோனா நகரத்து நிபுணர்கள் அவற்றைப் பதப்படுத்தி, பிரித்து, கையாலேயே ஒட்டினார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணி நேர வேலை! 'பதேர் பாஞ்சாலி'யில் நூற்றுக்கு 40 பங்கு அந்த வெந்த நெகட்டிவிலிருந்தே தேறியது. 'அபுர் சன்சார்' பாவம், தேறவில்லை. வேறு பிரதிகளிலிருந்து எடுத்தார்கள்.

2015-ல் மூன்றும் புளூ-ரே தட்டாக வந்தன. அக்காவும் தம்பியும் ரயில் பார்க்க ஓடும் இடத்தில் நாணல் பூக்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. செல்போன் படம் ஒப்பந்தம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். தட்டை யார் பிடுங்க முடியும்?

ஒரு சங்கடம். அமெரிக்கத் தட்டு 'ஏ' மண்டலம், இந்தியா 'சி'. சாதாரண பிளேயர் முரண்டு பிடிக்கும். எல்லா மண்டலமும் ஓடுமா என்று கேட்டு வாங்க வேண்டும். விலையும் கடிதான். நாலு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தால் போச்சு!