டிசைன் கூலியும் கூலிதான்!

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற சாலையில் கூத்தாநல்லூர்க் கடைவீதியைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தபடி நடந்தால் போதும். ஜவுளிக்கடைப் பலகை, பிரியாணிக்கடைப் பலகை, நிக்காஹ் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, எங்கும் படம், எங்கும் எழுத்து. இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவையா? இல்லை. ஒரு பையனோ பெண்ணோ வீட்டு மூலையில் கணினி முன் உட்கார்ந்து, கண் எரிய எரிய அமைத்தவை. அந்தப் பிள்ளைகள் யார்? நடவுக்குப் போகிற தாய்க்கும், மில்லில் ஷிப்டு பார்க்கிற தகப்பனுக்கும் பிறந்தவர்கள். கடன் வாங்கிப் படிக்கவைத்த நம் பிள்ளைகள். ஆகவே இது நமக்கு வேற்று விஷயமல்ல.

இவர்களைப் 'பிரீலான்சர்' என்கிறார்கள். யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காதவர், தனக்குத்தானே முதலாளி என்று அதற்கு விளக்கமும் சொல்கிறார்கள். நல்லது. இந்த 'முதலாளி'யிடம் வேலை எப்படி வந்து சேருகிறது என்று பார்ப்போம்.

வாட்சப்பில் ஒரு குரல் வரும்: "தம்பி, சின்ன வேலைதான். ரெண்டு மாடல் போட்டு அனுப்பு, பிடிச்சா பார்ப்போம்." எந்த அளவு, என்ன வாசகம், எத்தனை நாளில், எவ்வளவு பணம்? ஒன்றும் பேச்சில் இல்லை. இரண்டு மாடல் போகும். சிவப்பைப் பச்சையாக்கு என்பார். மறுநாள் மைத்துனர் சொன்னார், பழைய சிவப்பே நன்றாக இருந்ததாம். பெரியப்பா பெயர் விட்டுப்போயிற்று. சின்ன மாமா போட்டோ மாற வேண்டும். ஒன்பதாவது திருத்தம் இரவு பதினொன்றுக்கு முடிந்த பிறகு, "அந்த ஓப்பன் பைலையும் அனுப்பிடு" என்பார். பைலைக் கொடுத்துவிட்டால் பெயரை மட்டும் மாற்றி எத்தனை தரம் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அவர் கேட்பது விளைந்த நெல்லை அல்ல, விதைநெல்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ரூபாய் வேலை. இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது. திருத்தம் திருத்தம் என்று பன்னிரண்டு மணி நேரம் ஓடிற்று. எட்டு மணிக் கணக்குக்கு 333 ரூபாய் விழுகிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். மின்சாரமும் இணையமும் கணினித் தவணையும் பிள்ளையின் சொந்தச் செலவு. முதலாளியின் லட்சணம் இதுதானா?

இடையில் அச்சகம் வேறு. பிளெக்சுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்குகிற பல இடங்களில் "டிசைன் இலவசம்" என்கிறார்கள். இலவசம் யாருக்கு? வாடிக்கையாளருக்கு. அதைச் சுமப்பவர் யார்? வரைகிறவர்.

இதில் ஒரு எச்சரிக்கை. பலகை கேட்டு வருகிற மளிகைக்கடைக்காரரை எதிரியாக்கிவிடக் கூடாது. பெரிய கம்பெனிக் கடைகளோடு மல்லுக்கட்டி அவரும் மூச்சுத் திணறுகிறார். அவருக்குத் தேவை சண்டையல்ல, முன்கூட்டியே தெளிவான பேச்சு.

கடல் தாண்டி வேலை தேடினால் விடிவு உண்டா? 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயரெடுத்த ஊரில் இந்த எண்ணம் எழுவது இயல்பு. பைவர் என்ற இணையச் சந்தை, வரைகிறவர் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறிலும் இருபதை எடுத்துக்கொள்கிறது. மலேயாத் தோட்டத்தில் தலைக்காசு வாங்கிய கங்காணியை நம் பாட்டன்மார் அறிவார்கள். இந்தக் கங்காணிக்கு முகம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். போட்டி நடத்துகிற சந்தைகளும் இருக்கின்றன: பலர் வரைய வேண்டும், ஜெயித்தவருக்கு மட்டும் பணம். நூறு பேரை நடவுக்கு இறக்கி, நேராக நட்டவருக்கு மட்டும் கூலி என்று எந்த மிராசுதாராவது சொல்லத் துணிந்திருப்பாரா?

துணியவிடாமல் செய்தது சங்கம். கூலியை நிலப்பிரபுவின் இஷ்டத்துக்கு விடமாட்டோம் என்று நின்ற போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதே 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தது. வாய்வார்த்தைக் குத்தகைக்காரனிடம் "நீ எப்போதடா என் நிலத்தை உழுதாய்?" என்று கேட்க முடிந்தது. பதிவேட்டில் பெயர் ஏறியவனிடம் அந்தக் கேள்வி செல்லவில்லை. காகிதத்தின் பலம் அது. வாட்சப்பில் குரல் கேட்டு வேலை தொடங்குகிற பிள்ளை இன்று வாய்வார்த்தைக் குத்தகைக்காரன் நிலையில் இருக்கிறான்.

ஆகவே கணினியைத் தொடுமுன் ஒரு தாள் வேண்டும். வேலை இன்னது, கூலி இவ்வளவு, பாதி முன்பணம், திருத்தம் இரண்டு தரம், அதற்கு மேல் போனால் தனிக்கூலி, பாக்கி இன்ன தேதிக்குள். நடுவில் வேண்டாம் என்றால் செய்த அளவுக்குக் காசு. ஓப்பன் பைல் தனி விலை. ஒரே பக்கம் போதும். வாட்சப்பிலேயே அனுப்பி "சம்மதம்" என்று எழுதி வாங்கினாலும் நாளைக்கு அது ஆதாரம்.

சட்டத்திலும் கைப்பிடி இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலைக்காரர் வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். தனியாக வேலை எடுப்பவரின் கதை வேறு. அவர் அமைத்த சின்னத்தின் உரிமையை வாங்கிவிட்டேன் என்று சொல்ல, அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். (காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் விதி வேறு, ஆகவே தாளில் தெளிவாக எழுதிக்கொள்வது நலம்.)

பாக்கி வராவிட்டால்? 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டத்தில் 45 நாள் கெடு உண்டு. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி. இதற்கு உத்யம் பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், வேலை எடுக்குமுன்பே பதிந்துவிட வேண்டும். இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள், தோழர்களே! தொழிலாளி என்று சொல்லிக் கூலி கேட்டால் கதவு இல்லை. தொழில் நிறுவனம் என்று எழுதிக்கொடுத்தால் ஒரு ஜன்னல் திறக்கிறது.

மத்திய அரசு 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி 2025 நவம்பர் 21 அன்று அமலாக்கியது. அதில் செயலிக் கம்பெனிகள் தங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றிருக்கிறது. தமிழக அரசும் 2023இல் செயலித் தொழிலாளருக்கென நலவாரியம் அமைத்தது. ஆனால் செயலியே இல்லாமல் அச்சகத்துக்கும் கடைக்கும் நேராக வரைந்துகொடுக்கிற பிள்ளைக்காக நிதி கட்டுபவர் யார்? ஒருவரும் இல்லை. அந்த வாரியத்தின் வாசல் இவர்களுக்கும் திறக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

இது ஆகாத காரியமல்ல. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தனித் தொழிலர்களின் சங்கம் முன்னின்று வற்புறுத்தி, 2017 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. 800 டாலர் வேலை என்றால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் வந்தாக வேண்டும். 2024 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே இது நடந்திருக்கிறது.

"இப்போதுதான் யந்திரமே நிமிஷத்தில் படம் போடுகிறதே, உனக்கு எதற்குக் கூலி?" என்று சிலர் விரட்டுகிறார்கள். யந்திரத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் வித்தை மில் தொழிலாளிக்குப் புதிதல்ல. அறுவடை யந்திரம் வந்தபோது வயலிலும் கேட்ட பேச்சுதான். தனித்தனியாக நின்றால் மிரட்டல் பலிக்கும். கூத்தாநல்லூர், மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் டிசைனர்கள் ஒன்றுகூடி, பத்திரிகைக்கு இவ்வளவு, பலகைக்கு இவ்வளவு, சின்னத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச விகிதம் எழுதி ஒவ்வோர் அச்சகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். அதற்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது.

நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். இயக்கத்தின் மேல் பற்றுக்கொண்ட ஒருவர் தானாக வரைந்து தருவது அவர் மனசு. நாம் கேட்டு வாங்கினால் அது வேலை. அதற்குக் கூலி உண்டு. மே தினப் போஸ்டருக்குச் சொல்லும்போதே கிளைச் செயலாளர் அந்த ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டு, பாதிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வரட்டும்.