ஆறாம் சிலையின் இடம்

கிரேக்க நாட்டின் தலைநகர் ஏதென்ஸ். அங்குள்ள அக்ரோபொலிஸ் குன்றின்மீது எரெக்தியோன் என்னும் பழங்கோயில் உள்ளது. அதன் மண்டபக் கூரையை ஆறு மங்கையர் சிலைகள் தூண்களாய் நின்று தாங்கின. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சிலைகளுள் ஐந்தை, குன்றின் அடிவாரத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் காணலாம். ஆறாம் சிலைக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. அச்சிலை இலண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிரேக்கம் துருக்கியர் ஆட்சியில் இருந்த காலத்தில், பிரித்தானியத் தூதர் எல்ஜின் பிரபு அச்சிலையையும், பார்த்தினன் கோயிலின் சிற்பங்கள் பலவற்றையும் பெயர்த்து எடுத்துச் செல்வித்தார். 1816இல் பிரித்தானிய அரசு அவற்றை விலைக்கு வாங்கியது.

இலண்டனில் இருந்தமையாலேயே அவை காக்கப்பட்டன என்பர் சிலர். ஏதென்ஸில் நின்ற சிலைகள் காற்று மாசினால் சிதைந்தது உண்மையே. ஆயினும், காத்தவர் என்பதனாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடார். இன்று அவற்றைப் பேணத்தக்க இடம் ஏதென்ஸிலேயே உண்டு. மேலும், தனித்து நிற்கையில் அது ஓர் அழகிய சிலை மட்டுமே. ஐவரோடு சேர்ந்து நின்றால்தான் ஒரு மண்டபத்தைத் தாங்கிய தூண் என்பது விளங்கும். வத்திக்கான் தன்னிடமிருந்த மூன்று பார்த்தினன் சிற்பத் துண்டுகளை 2023இல் கிரேக்கத்திற்கு அளித்தது. பிரித்தானியாவும் அவ்வாறு செய்வதே முறை.

அருங்காட்சியகம் காணச் செல்வோர் பொருளின் அழகைக் கண்டு வியப்பதோடு அமையலாகாது. அஃது எங்கிருந்து வந்தது, எவ்வாறு வந்தது என்றும் வினவுதல் வேண்டும்.